இரண்டு கண் கேமராவும் அரை வீசை மிளகாயும்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு திருட்டுத்தான் செய்திருக்கிறேன். அதுவும் அடுத்தவர் வீட்டில் இல்லை. என் வீட்டுக் கட்டுத்தரையில் நின்றிருந்த எருமையை நானே அவிழ்த்துக்கொண்டு போய் விற்றேன். இதைத் திருட்டு என்று சொல்வது சரியா என்று பல வருஷம் என் மனசாட்சியோடு வழக்காடியிருக்கிறேன். மனசாட்சி எப்போதும் என் மனைவியின் குரலில் பேசுவதால் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

முதலில் எருமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் பொன்னி. என் கல்யாணத்தில் மாமனார் சீராகக் கொடுத்தது. மாமனாருக்குச் சூலூருக்குக் கிழக்கே தோட்டம். பொன்னியைக் கன்றிலிருந்து தன் கையால் புல் கொடுத்து வளர்த்தவர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை அவர் பேச்சில். தோட்டத்துக்குள் நுழைந்த நாயைக்கூட "சித்தெ அக்கட்டப் போறீங்களா" என்றுதான் விரட்டுவார். (நாய் போகாது. அது வேறு விஷயம்.) மருமகன் என்றால் கேட்கவே வேண்டாம். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார், நான் தும்மினால் எழுந்து நிற்பார். இருபத்து நான்கு வயதில் இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் ஒருவனுக்குப் புத்தி எங்கே போகும்? எனக்கும் அங்கேதான் போயிற்று.

முப்பதுகளில் கோயம்புத்தூரில் நாலா பக்கமும் பஞ்சாலைப் புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்தன. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆலையில் நான் குமாஸ்தா. அங்கே மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் துரை இருந்தார். அவர் சீமைக்குத் திரும்பிப் போகிற சமயத்தில் மேஜை, நாற்காலி, கிராமபோன் எல்லாவற்றையும் விற்றார். விற்கிற சாமான்களுக்குப் பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. பட்டியலில் கடைசி வரி, கேமரா.

அதுவரை நான் பார்த்த கேமரா எல்லாம் மூன்று கால்களில் நிற்கும் மரப்பெட்டி. போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார், நாம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது அப்படி இல்லை. கழுத்தில் வார் கட்டி வயிற்றின் மேல் தொங்கவிட்டுக்கொள்கிற சின்னப் பெட்டி. மேலொன்று கீழொன்றாக இரண்டு கண். மேல் கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. அகலமான ஃபிலிம் சுருள் ஒன்றை உள்ளே மாட்டினால் சதுரம் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பெட்டியின் மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்த்தால் ஒரு சின்னக் கண்ணாடியில் எதிரே இருப்பதெல்லாம் தெரியும். வலது இடதாகவும் இடது வலதாகவும் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

துரை வீட்டு வாசலில் நின்று அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தேன். வேப்பமரக் கிளையில் ஒரு மைனா உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற அதே மைனாதான். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் அது எனக்காகவே வந்து உட்கார்ந்தது போல இருந்தது. அந்த நிமிஷமே என் கதை முடிந்தது.

என் மனைவி பாவாத்தாள் அப்போது தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். வீட்டில் நானும் பொன்னியும்தான். பிறக்கப் போகும் குழந்தையைப் போட்டோ பிடிக்க வேண்டாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வேண்டும் என்று நானே பதில் சொன்னேன். பொன்னிக்கு அப்போது கறவை நின்று போயிருந்தது. கறக்காத எருமைக்குத் தீனி போடுவானேன் என்று கேட்டேன். அதற்கும் நானே பதில் சொன்னேன். பாவாத்தாள் திரும்பி வருவதற்குள் நாலு கல்யாணத்துக்குப் படம் பிடித்து இரண்டு எருமையாக வாங்கிக் கட்டிவிடலாம் என்று ஒரு திட்டமும் போட்டேன். கேட்பவனும் சொல்பவனும் ஒரே ஆளாக இருந்தால் எந்தத் திட்டமும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒண்டிப்புதூரில் இருந்த ஒரு மாட்டுத் தரகரிடம் பொன்னியை ஓட்டிக்கொண்டு போனேன். மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டை மேலே போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். எந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று குமாஸ்தாவுக்கு என்ன தெரியும்? தரகர் துண்டுக்கடியில் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்துவிட்டேன். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் கயிற்றை வாங்கிவிட்டார். நல்ல வேளையாக, அவர் கொடுத்த பணம் துரை கேமராவுக்குக் கேட்டதற்குச் சரியாக இருந்தது. (நல்ல வேளை என்று அன்றைக்கு நினைத்தேன்.)

கல்யாணத்துக்குப் படம் பிடிக்க என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்று காலும் கறுப்புத் துணியும் இல்லாதவனைப் போட்டோகிராபர் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பொன்னியைப் பற்றிக் கேட்டுவிடுவார்களே என்று, ஆலையில் லீவு இல்லை என்று சொல்லி மாமனார் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன். மாசங்கள் ஓடின. ஒரு நாள் பாவாத்தாள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கட்டுத்தரைக்குப் போனாள்.

"ஏனுங்க, பொன்னி எங்கீங்க?"

"அதை ஏன் கேக்கறே? விடியறதுக்குள்ள எவனோ அவுத்துட்டுப் போயிட்டான்."

பாவாத்தாள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. "அப்படீங்களா" என்றாள். உள்ளே வந்தவள் ஆணியில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"இது என்னுங்க?"

"கேமரா. எஞ்சினியர் துரை ஊருக்குப் போறப்ப எனக்குப் பிரியமாக் குடுத்துட்டுப் போனார்."

"உங்க மேல அவ்வளவு பிரியமுங்களா அவருக்கு?"

"ஆமா."

"உங்க பேரு தெரியுமுங்களா?"

தெரியாது. துரை என்னை 'கிளார்க்' என்று மட்டும்தான் கூப்பிடுவார். நான் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாமனார் வந்தார். காபியைக்கூடக் குடிக்காமல் கட்டுத்தரைக்குப் போய் முளைக்குச்சியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அங்கே கிடந்த பழைய கயிற்றை எடுத்து விரலால் தடவினார்.

"கயிறு அறுபடலீங்களே மாப்ளை. முடிச்ச நிதானமா அவுத்திருக்கறாங்க. பழகுன கையாட்டத் தெரியுதுங்க."

"போலீஸ்ல சொல்லட்டுமா மாமா?" என்றேன், நியாயஸ்தன் மாதிரி.

"போலீஸ் எதுக்குங்க? ஆத்தா இருக்கறா. வர்ற வெள்ளிக்கெழம ஆனமலைக்குப் போயி மொளகா அரைச்சுப்போடலாமுங்க."

ஆனைமலை மாசாணியம்மன் கோவிலைப் பற்றி எங்கள் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே போய் வரமிளகாயை அரைத்து, நியாயம் கேட்கிற கல்லில் அப்பிவிட்டு வருவார்கள். திருடியவன் எங்கே இருந்தாலும் உடம்பெல்லாம் எரியும் என்று நம்பிக்கை. நியாயம் கிடைத்துவிட்டால் திரும்பப் போய் ஆத்தாளுக்குக் குளிரக் குளிர எண்ணெய்க் காப்பு செய்ய வேண்டும். ஆலையில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன், பகுத்தறிவு பேசுகிறவன் நான். இருந்தும் அன்று சாயந்திரமே எனக்கு இடுப்பில் லேசாக எரிகிற மாதிரி இருந்தது.

பாவாத்தாள் முறத்தில் மிளகாயைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டாள்.

"ஏனுங்க, குண்டு மொளகா கொண்டு போலாமுங்களா, நீட்டு மொளகா கொண்டு போலாமுங்களா? எது ஒறைப்பு சாஸ்திங்க?"

"கொஞ்சமா எடுத்துக்க, போதும்."

"அதெப்புடீங்க? திருடுனவன் பெரிய எருமையவல்ல ஓட்டிட்டுப் போயிருக்கறான்? அரை வீசையாச்சும் ஓணுமுங்க."

கேமராவை விற்று, வெள்ளிக்கிழமைக்குள் பொன்னியை மீட்டுக் கட்டுத்தரையில் கட்டிவிட்டு, எருமை தானாகத் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். இதுதான் என் புதுத் திட்டம். ஒண்டிப்புதூர் தரகரிடம் ஓடினேன். எருமையை யாரிடம் விற்றீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அதைய மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க" என்றார். சரி, அதே மாதிரி வேறு எருமை வாங்கிக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எல்லா எருமையும் கறுப்புத்தானே, பாவாத்தாளுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் பரிதாபமாக இருக்கிறது.

பெரிய கடை வீதியில் ஒரு ராவுத்தர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். வெள்ளைத் தாடி, அத்தர் வாசனை, அவசரமே படாத மனுஷர். கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான சாமானுங்க தம்பி. குடுக்கறதா இருந்தா நானே எடுத்துக்கறேன்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். "ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று சொல்லி வாங்கி, மேல்மூடியைத் திறந்து குனிந்தேன். கண்ணாடிக்குள் ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் தாடியில் விழுந்திருந்தது. வலது கை இடது கையாகி, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. இதையா விற்பது? "நாளைக்கு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வழியெல்லாம் யோசனை. வைத்துக்கொண்டால் மிளகாய். விற்றால் எருமை. ஆனால் எருமையைத் திரும்பவும் வாங்கலாம், இப்படிக் கேமரா இன்னொன்று இந்த ஊருக்கு வருமா? வராது. ஆனால் இடுப்பு எரிகிறதே? மறுநாள் மறுபடியும் விற்கப் போனேன். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன். மறுபடியும் கேமராவோடு திரும்பினேன். மூன்றாம் நாள் ராவுத்தர் சிரித்துவிட்டார்.

"தம்பி, நீங்க கேமராவ விக்க வர்றீங்களா, என்னையப் பாக்க வர்றீங்களா? எதுன்னாலும் எனக்குச் சந்தோசந்தான். சொல்லிட்டீங்கன்னா நான் என் வேலையப் பாப்பேன்."

எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அவரே ஒரு வழி சொன்னார். "இந்த ஃபிலிம் சுருள் என் கணக்கில வெச்சுக்கங்க. பன்னெண்டு படம் எடுத்துட்டு வாங்க. கழுவிப் பாப்போம். அதுக்கப்புறம் வெக்கறதா விக்கறதான்னு படமே சொல்லிரும்."

எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. படம் நன்றாக வந்தால் எனக்கு விற்க மனசு வராது. மோசமாக வந்தால் ராவுத்தர் வாங்க மாட்டார். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பாவாத்தாள் ஒரு பையில் மிளகாயை எடுத்து வைத்தாள். கூடவே ஒரு தூக்குப்போசி நிறைய நல்லெண்ணெய்.

"எண்ணெய் எதுக்கு? அது நியாயம் கெடைச்ச பொறகுதானே?"

"வெச்சிருந்தா ஒதவுமுங்க. அந்தக் கேமராவையும் எடுத்துக்குங்க. நாலு போட்டோ புடிச்சுட்டு வரலாம்."

பொள்ளாச்சி வரைக்கும் பஸ். அங்கிருந்து ஆனைமலைக்கு மாட்டுவண்டி. மாமனார் தன் பங்காளிகளையும் வரச் சொல்லியிருந்தார். தலையில் பெரிய உருமாலை கட்டிய பெரியவர்கள் ஏழு பேர் கோவிலுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். சாமி கும்பிடுவதற்கு முன்னால் ஒரு குரூப் போட்டோ என்று நான்தான் ஆரம்பித்தேன். மிளகாயை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாமோ அவ்வளவு நேரம் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் காரணம்.

எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். கேமராவின் மூடியைத் திறந்து தலையைக் குனிந்தேன். எதிரே இருந்த எட்டுப் பேரும் கையைக் கூப்பிக்கொண்டு தலையைக் குனிந்தார்கள்.

நான் நிமிர்ந்தேன். அவர்களும் நிமிர்ந்தார்கள். நான் குனிந்தேன். அவர்களும் குனிந்தார்கள்.

"மாமா, நீங்க குனியக் கூடாது. நேரா என்னையப் பாக்கோணும்."

"அதெப்புடீங்க மாப்ளை? நீங்க தல குனிஞ்சு நிக்கறப்ப நாங்க நெட்டக்குத்தலா நின்னுட்டு இருந்தா நல்லாவுங்களா இருக்கும்?"

"நான் கும்பிடலீங்க மாமா. கண்ணாடியப் பாக்கறேன்."

"நீங்க எதுக்குக் குனிஞ்சாலும் குனிஞ்சதுதானுங்க."

அவர் பங்காளிகளும் "ஆமாங்க, அது மொறையில்லீங்க" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆறு படம் இப்படிப் போயிற்று. ஆறிலும் உருமாலைகள். நடுவில் ஒரு தடவை மாமனாரைச் சட்டத்துக்குள் கொண்டுவர வலது பக்கம் நகர்ந்தேன். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியும் என்பதை மறந்து நகர நகர அவர் வெளியே போய்க்கொண்டே இருந்தார். துரத்திப் போனதில் ஒரு தேங்காய்க் கடையின் மேல் மோதி, தேங்காய்கள் உருண்டு ஓடின. கடைக்கார அம்மாள் மட்டும்தான் அன்றைக்கு என்னிடம் மரியாதை இல்லாமல் பேசியவர்.

கடைசியில் ஒரு யுக்தி செய்தேன். கண்ணாடியைப் பார்த்தால்தானே குனிய வேண்டும்? நிமிர்ந்து நின்று, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, வயிற்றின் மேல் தொங்கிய கேமராவைக் குத்துமதிப்பாகத் தட்டினேன். பெரியவர்கள் கம்பீரமாக நின்றார்கள். அப்படி ஐந்து படம். ஒரு படம் மிச்சம் வைத்தேன்.

"போதுமுங்க மாப்ளை," என்றார் மாமனார். "மொளகாயப் பாத்தறலாம் வாங்க. நீங்கதான் அரைக்கோணும்."

"நானா?"

"எருமை உங்க கட்டுத்தரையில இருந்துதானுங்களே போச்சு? பறிகுடுத்தவங்க கையாலதானுங்க அரைக்கோணும்."

கேமராவைக் கழற்றிப் பாவாத்தாளிடம் கொடுத்துவிட்டு ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். திருடன் தனக்கான தண்டனையைத் தானே அரைத்த கதை வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. குழவியைச் சுற்றச் சுற்ற நெடி ஏறியது. மூக்கில் நீர், கண்ணில் நீர். பாவாத்தாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னம் சித்தெ நைஸா அரைங்க. திருடனுக்குத் திப்பி திப்பியா இருந்தா எரியாதுங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். அரைத்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பொன்னியின் நினைப்பு வந்தது. நான் ஆலையிலிருந்து வரும்போது தூரத்திலேயே காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கும். தரகரிடம் கயிறு மாறின பிறகும் என் பின்னாலேயே பத்தடி வந்தது. அதை அன்றிலிருந்து நான் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது வந்த கண்ணீரில் எது மிளகாயால் வந்தது, எது பொன்னியால் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அள்ளிக்குங்க மாப்ளை. கல்லுக்கு முன்னால நின்னு, 'என்ற எருமையத் திருடுனவன் எவனோ அவனக் கேளு ஆத்தா'ன்னு வாய் விட்டுச் சொல்லிப்போட்டு அப்புங்க."

இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு போய்க் கல்லின் முன் நின்றேன். அதில் ஏற்கெனவே பலர் அப்பிய சிவப்பு காய்ந்து கிடந்தது. மாமனாரும் ஏழு பெரியவர்களும் எனக்குப் பின்னால் நின்றார்கள். கையை உயர்த்தினேன். வாயைத் திறந்தேன்.

"எருமையைத் திருடினவன்..."

அதற்கு மேல் வேறு எதுவும் வரவில்லை. "...நான்தானுங்க மாமா" என்று வந்தது.

அதே நொடியில் மாமனார் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "அப்பீராதீங்க! அப்பீராதீங்க மாப்ளை!" பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. மனசிலிருந்து பாரம் இறங்கிய நிம்மதியில், வழிந்த கண்ணீரை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். மிளகாய்க் கையால்.

அதற்குப் பிறகு கோவில் வாசலில் நான் ஆடிய ஆட்டத்தைச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பெண்கள் குலவையிட்டார்களாம். எனக்கு எதுவும் தெரியவில்லை. யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ மோர் கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறக்க முடிந்தபோது ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் என் கைகளைத் தன் மடியில் வைத்து நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் பொன்னியை வித்துப்போட்டேன்."

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"சந்தைக்குப் போயிருந்தனுங்க. ஒரு எருமை என்னையப் பாத்துப்போட்டு, கயித்த இழுத்துட்டு ஓடியாந்து கையை நக்குச்சுங்க. நம்ம பொன்னி. தரகரக் கேட்டு வெவரம் தெரிஞ்சுக்கிட்டு நானே ஓட்டிட்டு வந்துட்டனுங்க. செனையா வேற இருந்துச்சு. இப்ப கெடாரிக் கன்னு ஈந்து நல்லாக் கறக்குதுங்க."

சினை எருமையையா கறவை நின்ற எருமை என்று விற்றேன்! தரகர் ஏன் அவ்வளவு அவசரமாகக் கயிற்றை வாங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே மாமா? எதுக்கு இவ்வளவு தூரம்?"

மாமனார் எண்ணெய் தடவுவதை நிறுத்தினார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார்.

"மாப்ளையப் போயி நானெப்புடீங்க கேக்கறது? மொறையாகுமுங்களா? அதனாலதானுங்க ஆத்தாளையே கேக்கச் சொன்னேன்."

மறுபடியும் எண்ணெயைத் தொட்டுத் தடவிக்கொண்டே சொன்னார். "போட்டோ புடிக்கறப்ப நீங்க தல குனிஞ்சீங்க பாருங்க, ஒவ்வொரு தடவையும், இப்பச் சொல்லீருவாங்க, இப்பச் சொல்லீருவாங்கன்னு காத்துட்டு இருந்தனுங்க."

அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாராவது ஒருவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மிச்ச எண்ணெயை ஆத்தாளுக்குக் காப்புச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். வண்டியில் வரும்போது பாவாத்தாளிடம், "உனக்கும் முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "பொன்னி ஈந்தப்ப சீம்பால் காச்சி எனக்குத்தானுங்க குடுத்தாங்க" என்றாள்.

அடுத்த நாள் ராவுத்தரிடம் போய், "இந்தத் தடவை நிச்சயமா விக்கத்தான் வந்திருக்கறேனுங்க" என்றேன். பாவாத்தாளும் கூட வந்திருந்தாள். (நான் மறுபடியும் மனசு மாறிவிடக் கூடாது என்பதற்காக என்று நினைத்தேன்.) ராவுத்தர் சுருளை உள்ளே கொண்டு போய்க் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு அச்சுப் போட்டு எடுத்துவந்து மேஜையில் வரிசையாக வைத்தார். அவர் தாடி ஆடிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

முதல் ஆறு படத்தில் எட்டு உருமாலை. அதில் ஒன்றில் ஏழு உருமாலையும் ஒரு தேங்காயும். அடுத்த ஐந்தில் கழுத்துக்கு மேல் யாருக்கும் எதுவும் இல்லை. தலையில்லாத பெரியவர்கள் கம்பீரமாக நின்றிருந்தார்கள்.

"படந்தான் சொல்லும்னு சொன்னேன். நல்லாச் சத்தமாவே சொல்லுதுங்க தம்பி," என்றார் ராவுத்தர். பிறகு பன்னிரண்டாவது படத்தை எடுத்துத் தனியாக வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கல்லின் முன்னால் நான். இரண்டு கையிலும் மிளகாய். வாய் பாதி திறந்திருக்கிறது. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. என் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் மாமனாரின் கை. அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. குழந்தை அடுப்பைத் தொடப் போகும்போது ஓடி வருகிறவரின் பதற்றம்தான் இருக்கிறது. அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்தபோது நான் பார்க்காமல் விட்ட முகம் அது.

"இத எடுத்தது ஆருங்க?"

பாவாத்தாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "நானுங்க. குனிஞ்சு பாத்தா நல்லாத் தெரிஞ்சுதுங்க. அங்க ஒண்ணு இருக்குது, தட்டினேன்" என்றாள்.

ராவுத்தர் கேமராவைத் தோல் உறைக்குள் வைத்து மூடினார். நான் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் பாவாத்தாளிடம் கொடுத்தார்.

"நான் வாங்கலீங்க தம்பி. வெச்சிருங்க. ஆனா உங்க கையில மட்டும் வேண்டாம்."

அடுத்த வாரம் மாமனார் பொன்னியையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்து கட்டிவிட்டுப் போனார். போகும்போது கயிற்றை என் கையில் கொடுத்து, "மாப்ளை பாத்துக்குவாங்க" என்று பொன்னியிடம் சொன்னார். (என்னிடம் சொல்வது முறையில்லை அல்லவா?) அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு மாறிவிட்டது. படம் பிடிப்பது பாவாத்தாள், பால் கறப்பது நான். எங்கள் மூன்று குழந்தைகளும் தவழ்ந்தது, விழுந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அவள் பிடித்த சதுரப் படங்களாக இன்றும் இருக்கின்றன. பெண்பிள்ளை குனிந்து பார்த்தால் பெரியவர்கள் பதிலுக்குக் குனிய வேண்டியதில்லை என்பதால் எல்லாப் படத்திலும் எல்லோருக்கும் தலை இருக்கிறது.

பன்னிரண்டாவது படம் சட்டம் போட்டு வாசல் நடையில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வரும் சம்பந்திகள் எல்லாம், "ஐயா இவ்வளவு பக்திமானா!" என்று வியந்து கேட்பார்கள். பாவாத்தாள் அவர்களை உட்கார வைத்து, காபி கொடுத்து, முதலிலிருந்து சொல்லுவாள். துண்டுக்கடியில் நான் சிரித்ததைக்கூட விடமாட்டாள்.

போன மாசம் என் மகன் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்த இரண்டு கண் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தான். பழைய கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறவர் ஒருவர் கேட்கிறாராம். "அப்பா, இதை வெச்சுக்கறதா, வித்துடறதா?" என்று என்னைக் கேட்டான். பழைய ஞாபகத்தில் நான் அதை வாங்கி, மூடியைத் திறந்து, தலையைக் குனிந்தேன்.

சமையல்கட்டிலிருந்து பாவாத்தாளின் குரல் வந்தது.

"கண்ணு, அப்பா தல குனிஞ்சுட்டாங்களா? மொதல்ல கட்டுத்தரையில மாடு இருக்குதான்னு பாத்துட்டு வா."